நடுவயதில் ஒரு சிறைவாசம்: வ. உ. சிதம்பரனாரின் வாழ்வு

மனித வாழ்வில் நாற்பது வயது என்பது ஒரு கணவாய் போன்றது. ஏறி வந்த பாதை பின்னால் தெரியும். இறங்க வேண்டிய பாதையும் முன்னால் தெரியத் தொடங்கும். இளமையில் எண்ணியவற்றுள் எவை கைகூடின, எவை கைநழுவின என்று கணக்கெடுக்கும் பருவம் அது. பெற்றோர் முதுமையுற, மக்கள் வளர, குடும்பத்தின் முழுப்பாரமும் நம் தோள்மேல் வந்து அமரும் காலமும் அதுவே. இப்பருவத்தில் மனம் கசந்து போவோர் பலர். கசப்பை வென்று நிற்போர் சிலர். அச்சிலருள் ஒருவரை நம் கொங்கு நாட்டுக் கோவைச் சிறை நமக்குக் காட்டுகிறது. அவர்தாம் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. அவர் சைவ சமயத்தினர். எனினும் அவர் வாழ்வு எச்சமயத்தாரும் தத்தம் குடும்பத்தாருடன் அமர்ந்து எண்ணிப் பார்க்கத்தக்கது.

இளமையும் இல்லறமும்

திருநெல்வேலிச் சீமையில் ஒட்டப்பிடாரம் என்னும் ஊரில், 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள், வழக்குரைஞர் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் சிதம்பரனார். தந்தையின் வழியிலேயே சட்டம் பயின்று தாமும் வழக்குரைஞர் ஆனார். 1895இல் வள்ளியம்மை என்னும் நங்கையை மணந்தார். அக்காலத்தில் இராமையா தேசிகர் என்னும் கண்பார்வையற்ற அறிஞர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே வைத்துப் போற்றினார். சாதி வேறுபாடு காட்டிச் சுற்றத்தார் முணுமுணுத்தனர். வள்ளியம்மையாரோ அதனைப் பொருட்படுத்தாது அவ்வறிஞருக்குத் தம் கையாலேயே உணவு படைத்தார். அவ்வம்மையார் சில ஆண்டுகளிலேயே மறைந்தார். பின்னர் மீனாட்சியம்மையாரை மணந்து, தூத்துக்குடியில் இல்லறம் நடத்தினார் சிதம்பரனார்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல் வணிகம் அந்நாளில் ஆங்கிலக் கப்பல் நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தது. அதற்கு எதிராக 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நிறுவினார் சிதம்பரனார். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். மறு ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறைக்கு வந்து சேர்ந்தன. எதிர் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. இலவசமாக ஏற்றிச் செல்வதாகவும், வருவோர்க்குக் குடை தருவதாகவும் கூட ஆசை காட்டியது.

1908இன் தொடக்கத்தில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணை நின்றார். அவ்வாண்டு மார்ச்சு 12ஆம் நாள், அவரும் நண்பர் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பு நாட்டையே திடுக்கிடச் செய்தது. இரு குற்றங்களுக்காக இரண்டு ஆயுள் தண்டனைகள், அதாவது நாற்பது ஆண்டுகள்! மேன்முறையீட்டின் பின் அது ஆறாண்டுகளாகக் குறைந்தது. ஆனால் தீர்ப்பைக் கேட்ட அன்றே குடும்பத்தின் மேல் இடி விழுந்துவிட்டது. அண்ணனுக்கு நேர்ந்ததைத் தாங்க மாட்டாத தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பிறழ்ந்தார். கணவர் சிறையில், கொழுநர் இந்நிலையில், கையில் குழந்தைகள் என நின்றார் மீனாட்சியம்மையார். அப்போது சிதம்பரனாருக்கு வயது முப்பத்தைந்து.

கோவைச் சிறையில்

1908 சூலையில் கோவைச் சிறைக்குக் கொண்டுவரப் பெற்றார். பல்லக்கிலும் வண்டியிலும் செல்லத்தக்க செல்வச் செழிப்பில் வாழ்ந்தவர் முரட்டுச் சிறையுடை அணிந்தார். முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தில் வேலை தந்தனர். சட்டநூலைப் புரட்டிய கைகளின் தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர் மாடு இழுக்க வேண்டிய எண்ணெய்ச் செக்கில் அவரைப் பூட்டினர். கோவை வெயிலில் அவர் சுற்றிச் சுற்றி இழுத்த அச்செக்கு நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது. செக்கிழுத்த செம்மல் என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது இம்மண்ணில்தான்.

கொங்கு நாட்டார் சிலர் அவரைக் கைவிடவில்லை என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம். பிற்காலத்தில் பெரியபுராணத்திற்குப் பேருரை கண்ட கோவை வழக்குரைஞர் சி. கே. சுப்பிரமணிய முதலியார், சிறையிலிருந்த அவருக்குப் பல உதவிகள் புரிந்தார். தென்பாண்டி நாட்டு இளைஞரான பரலி சு. நெல்லையப்பர் கோவைக்கே வந்து தங்கி, இயன்ற தொண்டுகளைச் செய்தார்.

இச்சூழலில் சிதம்பரனார் மேற்கொண்ட ஒரு செயல் நம் சிந்தனைக்கு உரியது. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியர் 1903இல் எழுதிய ஒரு சிறு நூலை அவர் தமிழில் பெயர்த்தார். ஆலனும் துன்பம் அறியாதவர் அல்லர். வேலை தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கேயே உயிரிழக்க, பதினைந்து வயதில் பள்ளியை விட்டு உழைக்கச் சென்றவர் அவர். மனத்தில் எவ்வெண்ணங்களை விதைக்கிறோமோ அவையே நம் குணமாகவும் நடையாகவும் விளைகின்றன என்பது அவர் நூலின் சாரம். சிதம்பரனாரின் மொழிபெயர்ப்பு, மனம் போல வாழ்வு என்னும் பெயரில் 1909இல் வெளிவந்தது. அவ்வாண்டில் அவர் கோவைச் சிறைக் கைதி!

இங்கே நம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. மனம் போலவே வாழ்வு அமையும் என்றால், இவ்வளவு நன்மனம் படைத்தவர் செக்கில் பூட்டப்பட்டது எவ்வாறு? ஒரு பாவமும் அறியாத தம்பி சித்தம் கலங்கியது எவ்வாறு? நாட்டுக்காகச் சிறைசென்ற சிவா, தொழுநோயுடன் வெளிவந்தது எவ்வாறு? துன்புற்றோரைப் பார்த்து, உன் எண்ணம் சரியில்லை, அதனால்தான் துன்புறுகிறாய் என்று கூறுவது கொடுமையன்றோ?

கொடுமையே. அந்நூலை அவ்வாறு பிறர்மேல் எறிவோர் அதனைத் தவறாகவே படிக்கின்றனர். சிதம்பரனார் அதனைத் தமக்கென்று படித்தார். சிறைக்கதவைத் திறப்பது அவர் கையில் இல்லை. தண்டனையைக் குறைப்பதும், தம்பியின் பிணியைத் தீர்ப்பதும் அவர் கையில் இல்லை. செக்கடியில் நிற்கும்போது தம் உள்ளத்தை எவ்வாறு வைத்துக்கொள்வது என்னும் ஒன்றே அவர் கையில் இருந்தது. அந்த ஒன்றை அவர் விடாது பற்றிக்கொண்டார். பிறருடைய கொடுமை தம் உடலை ஆளலாம். தம் குணத்தை ஆள விடலாகாது என்று அவர் உறுதி கொண்டதை அவருடைய பிற்கால வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

விடுதலைக்குப் பின்

1910 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கும் உடனிருந்த கைதிகளுக்கு அறநூற்பொருளை எடுத்துரைத்தார். அதன் பயனாகவே மெய்யறம் என்னும் நூல் உருவாயிற்று. 1912 டிசம்பர் 24ஆம் நாள் விடுதலை பெற்றார். வயது நாற்பது. ஒரு காலத்தில் அவர் பேச்சைக் கேட்கக் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் திரண்டனர் மக்கள். சிறைவாயிலில் அன்று நின்றோரோ மிகச் சிலர். அவர்களுள் ஒருவர், முன்னரே விடுதலை பெற்று, நோயால் உருமாறியிருந்த சிவா.

கப்பல் நிறுவனம் 1911இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. வழக்குரைஞர் சன்னதும் பறிபோயிற்று. நாற்பது வயதில், கையில் பொருளும் தொழிலும் இன்றி, சென்னையில் மனைவி மக்களுடன் புதிதாக வாழ்வைத் தொடங்கினார். மண்ணெண்ணெய் விற்றார், அரிசிக் கடை வைத்தார். கப்பல் வணிகம் நடத்திய கை தராசு பிடித்தது. அதற்காக அவர் நாணவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய தொகை காந்தியடிகள் வாயிலாக வந்து சேரவும் நெடுநாள் ஆயிற்று. கடிதங்கள் பல எழுதிய பின்னர் 1916இல்தான் 347 ரூபாய் 12 அணா கிடைத்தது. அத்தொகைக்காக ஒரு குடும்பம் காத்திருந்தது என்றால், அவ்வீட்டின் அடுப்படி எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நம் இல்லத்தரசியர் அறிவர். பேருக்கும் புகழுக்கும் உரியவர் கணவர். அன்றாடம் உலை வைக்க வேண்டியவரோ மீனாட்சியம்மையார். அவருடைய பொறுமை இல்லையேல் சிதம்பரனாரின் மனத்திண்மையும் நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

அவ்வறுமையின் நடுவேதான் அவர் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1914இல் மெய்யறமும், ஆலனின் மற்றொரு நூலின் தமிழாக்கமாகிய அகமே புறமும் வெளிவந்தன. 1915இல் மெய்யறிவு வந்தது. 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் பதிப்பித்தார். சிறையில் தொல்காப்பியம் கற்கத் தொடங்கியவர், இளம்பூரணர் உரையின் எளிமையிலும் தெளிவிலும் நெஞ்சம் தோய்ந்து, 1928இல் எழுத்ததிகாரத்திற்கான அவ்வுரையை வெளியிட்டார். இளம்பூரணரையும் மணக்குடவரையும் சமணச் சான்றோர் எனக் கருதும் ஆய்வாளர் பலர் உளர். அவ்வகையில் நம் குடும்பங்களும் சிதம்பரனாருக்கு நன்றிக்கடன் உடையன.

1920களில் அவர் மீண்டும் கோவைக்கு வந்தார். தாம் செக்கிழுத்த ஊருக்கே, இம்முறை குடும்பத்துடன், வயிற்றுப் பிழைப்புக்காக வந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. துன்புற்ற ஊர் என்று அவர் அதனை வெறுக்கவில்லை. வங்கி ஒன்றில் பணியாற்றினார்; தொழிலாளர் நலனுக்கும் பாடுபட்டார். வருவாய் போதவில்லை. வழக்குரைஞர் தொழிலை மீண்டும் நடத்த இசைவு வேண்டி விண்ணப்பித்தார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி அதற்கு இசைந்தார். அந்நன்றியை மறவாத சிதம்பரனார், தம் இளைய மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார். நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தவரும் ஆங்கிலேயர். பிழைப்புக்கு வழி திறந்தவரும் ஆங்கிலேயர். முதலாமவர்மேல் கொண்ட சினத்தை இரண்டாமவர்மேல் ஏற்றாமல், ஒவ்வொருவரையும் அவரவர் செயலால் எடைபோட்டார். நாள்தோறும் வீட்டில் அழைக்கும் பெயராகத் தம் நன்றியை அமைத்துக்கொண்டார்.

பின்னர்க் கோவில்பட்டியில் வழக்குரைஞராகத் தொழில் நடத்தினார். 1927 நவம்பரில் சேலத்தில் நடைபெற்ற அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இறுதியாண்டுகளைத் தூத்துக்குடியில் கழித்தார். 1934இல் ஆலனின் இன்னுமொரு நூலைச் சாந்திக்கு மார்க்கம் என்னும் பெயரில் வெளியிட்டார். முப்பத்தேழாம் அகவையில் சிறைக்குள் கைக்கொண்ட சிந்தனையை அறுபது கடந்தும் அவர் விடவில்லை. 1936 நவம்பர் 18ஆம் நாள், தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் உயிர் நீத்தார். இறுதிக் காலத்தில் எழுதிய உயிலில், கடைக்காரர்களுக்குத் தாம் தரவேண்டிய சிறு கடன்களையும் மறவாது குறித்துவைத்தார்.

நமக்கு ஒரு பாடம்

நம் ஆன்றோர் வகுத்த பன்னிரு சிந்தனைகளில் முதலாவது நிலையாமை, அடுத்தது புகலின்மை. இன்பத்தை எண்ணு என்று அவர்கள் தொடங்கவில்லை. செல்வமும் உடலும் உறவும் நிலையா என்பதைக் கண் திறந்து பார்த்த பின்னரே அமைதியை நோக்கி நம்மை அழைத்துச் செல்கின்றனர். நல்லதையே நினை என்று இந்நாளில் மேடைதோறும் கூறப்படுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. துன்பம் இல்லை என்று கண்ணை மூடிக்கொள்வது நன்னோக்கு ஆகாது. துன்பம் உண்டு என்று அறிந்து, அதனால் நம் குணம் கெடாமல் காப்பதே நன்னோக்கு.

நடுவயதில் வணிகத்தில் இழப்பு, மக்களைப் பற்றிய கவலை, உடன்பிறந்தாரின் நோய் எனத் துன்பங்கள் நம் வீடுகளிலும் நுழைகின்றன. அவ்வேளையில் மனம் ஒன்று சரியானால் எல்லாம் சரியாகும் என்று எண்ணி ஏமாற வேண்டா. சிதம்பரனாருக்குக் கப்பல் திரும்பி வரவில்லை. தம்பியின் தெளிவும் மீளவில்லை. ஆயினும் நன்றி மறவாமை, பகை பாராட்டாமை, கடனை நினைவிற்கொள்ளும் நேர்மை, கற்றலில் ஆர்வம் ஆகியவை இறுதிவரை அவரிடம் இருந்தன. சிறை அவற்றைப் பறிக்கவில்லை.

கோவைக்குச் செல்லும் அன்பர்கள் வ. உ. சி. பூங்காவைக் காணத் தம் குழந்தைகளை அழைத்துச் செல்வது வழக்கம். அடுத்தமுறை செல்லும்போது அப்பெயருக்கு உரியவர் யார் என்பதையும், அவர் இழுத்த செக்கைப் பற்றியும் அக்குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அதே ஊரில், அதே ஆண்டுகளில், தோலுரிந்த கையால் அவர் ஒரு நூலைத் தமிழாக்கினார் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.