கணக்கெழுதிய கை செய்த கிட்டார்

இசைக்கருவி செய்பவர் இசை வல்லுநராகத்தான் இருக்க வேண்டுமா? ஆசிரியரிடம் மின்னணுவியல் பயிலாத ஒருவர் அத்துறையில் புதுமை காண இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்து சென்றவர் லியோ ஃபெண்டர். இன்று உலக மேடைகளில் முழங்கும் மின்கிட்டார்களில் எத்தனையோ அவர் வகுத்த வடிவத்தை ஒட்டியவை. ஆனால் அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

இளமை

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஆனஹைம், ஃபுல்லர்ட்டன் ஆகிய ஊர்களுக்கு அருகே பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்துப் பிழைத்த உழவர்கள். எட்டு வயதில் கட்டி ஒன்றின் காரணமாக இடக்கண்ணை இழந்தார்; அவ்விடத்தில் கண்ணாடிக் கண் பொருத்தப்பட்டது. சிறுவயதில் பியானோவும் சாக்ஸபோனும் பயின்றார். எனினும் அவர் மனம் சென்ற வழி வேறு. பதின்மூன்றாம் வயதில், மோட்டார் வண்டிகளின் மின்பழுது நீக்கும் கடை நடத்திய உறவினர் ஒருவர், பழைய வானொலி உதிரிப் பாகங்கள் நிறைந்த பெட்டி ஒன்றை அவருக்கு அனுப்பி வைத்தார். அந்தப் பெட்டியே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

கல்லூரியில் அவர் எடுத்த பாடமோ கணக்குப் பதிவியல்! பனிக்கட்டி நிறுவனத்திலும் பின்னர் மாநில நெடுஞ்சாலைத் துறையிலும் கணக்கெழுதினார். 1930களின் பொருளாதார மந்தம் அந்த வேலையைப் பறித்தது. அடுத்துக் கிடைத்த வேலையும் நிலைக்கவில்லை. 1938இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டனில் வானொலி பழுது பார்க்கும் கடையைத் திறந்தார். வேலை பறிபோனதால் பிறந்த கடை அது.

பழுது பார்த்தவர் படைப்பாளியானார்

அக்கடைக்கு இசைக்கலைஞர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளைத் தூக்கி வந்தனர். எது அடிக்கடி கெடுகிறது, ஏன் கெடுகிறது, எங்கே கை எட்டவில்லை என்பதை அவர் கவனித்துக்கொண்டே வந்தார். 1945இல் டாக் காஃப்மன் என்னும் நண்பருடன் கூட்டுச் சேர்ந்து, மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிட்டார்களையும் ஒலிபெருக்கிகளையும் செய்து விற்றார். 1946இல் காஃப்மன் விலகவே, ஃபெண்டர் தம் பெயரிலேயே நிறுவனத்தை நடத்தலானார்.

1950இல் வெளிவந்த அவருடைய கிட்டார், உள்ளே கூடற்ற திண்மையான மரப்பலகையால் ஆனது. அடுத்த ஆண்டு முதல் டெலிகாஸ்டர் என்னும் பெயரால் வழங்கியது அதுவே. அதன் கழுத்து பசையால் ஒட்டப்படாமல் திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. குமிழ்களும் சுவிட்சும் ஓர் உலோகத் தகட்டில் அமைந்திருந்தன. தகட்டின் திருகாணிகளைக் கழற்றினால் உள்ளிருக்கும் மின்சுற்று முழுவதும் கைக்கு வந்துவிடும். பழுது பார்க்கும் கடையில் அமர்ந்தவருக்கே தோன்றக்கூடிய எண்ணமன்றோ இது! 1951இல் பிரிசிஷன் பேஸ் என்னும் தாழ்சுருதிக் கிட்டாரும், 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் பிறந்தன.

கம்பிச்சுருளின் கதை

நம் ஆய்வகத்தில் கம்பிச்சுருளுக்குள் சட்டக் காந்தத்தை நுழைத்து எடுக்கும்போது கால்வனாமீட்டரின் முள் அசைவதைக் கண்டிருக்கிறோம். மின்கிட்டாரில் நிகழ்வதும் அந்த மின்காந்தத் தூண்டலே. ஆனால் இங்கே காந்தம் அசைவதில்லை. எஃகுத் தந்தி அசைகிறது. தந்திகளுக்கடியில் காந்தமும், அதனைச் சுற்றி முடிபோல் மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளும் உள்ளன. இதற்குப் பிக்கப் என்று பெயர். தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதனைப் பெருக்குகிறது.

ஃபெண்டர் செய்தவை ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். அவற்றின் ஒலி கணீரென்று தெளிவாக இருக்கும். ஆயினும் ஒரு குறை. சுருள் தந்தியின் அதிர்வை மட்டும் ஏற்பதில்லை. அருகிலுள்ள மின்மாற்றியும் மின்கம்பியும் எழுப்பும் மாறுமின்னோட்டப் புலத்தையும் ஏற்றுக்கொள்கிறது. விளைவு, வாசிப்பினூடே ஓயாத முரலல்!

இக்குறைக்குக் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் ஒரு வழி கண்டு, 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்தத் துருவங்களையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் முரலல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலியோ கூடும். ஹம்பக்கர் எனப்படுவது இதுவே. ஃபெண்டரும் வாளாவிருக்கவில்லை. 1957இல் தம் பேஸ் கிட்டாரின் பிக்கப்பை இரு பாதிகளாகப் பிரித்து, பாதிக்கு இரண்டு தந்திகளாக அமைத்து, முரலலை அடக்கினார்.

ஆனால் ஹம்பக்கரின் இரட்டைச் சுருளுக்கும் ஒரு விலை உண்டு. சுற்றுகள் பெருகுவதால் அதன் தூண்டு எண் கூடுகிறது. உச்ச அதிர்வெண்கள் மங்குகின்றன. ஒலி தடித்து இனிக்கும். அந்தக் கணீர் ஓசை குறையும். ஒன்றில் தெளிவும் முரலலும். மற்றதில் அமைதியும் மங்கலும். எதனைக் கொள்வது, எதனை விடுவது?

விடை தந்த சிறு சுவிட்ச்

உடல்நலம் குன்றியதால் 1965இல் தம் நிறுவனத்தைச் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றார் ஃபெண்டர். விலை 1 கோடியே 30 லட்சம் டாலர். அத்துடன் ஓய்ந்திருக்கலாம். ஓயவில்லை. மியூசிக் மேன் நிறுவனத்தில் சேர்ந்து 1976இல் ஸ்டிங்ரே பேஸ் கிட்டாரை உருவாக்கினார். பின்னர், பழைய தோழர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் ஜி அண்டு எல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்நிறுவனம் 1980இல் வெளியிட்ட எஃப்-100 கிட்டாரில்தான் அந்த வினாவுக்கு அவர் தந்த விடையைக் காண்கிறோம். வாழ்நாளெல்லாம் ஒற்றைச் சுருளுக்குப் பெயர் பெற்றவர், அதில் இரட்டைச் சுருள் பிக்கப்பைப் பொருத்தினார். கூடவே சுருளைப் பிரிக்கும் சிறு சுவிட்ச் ஒன்றையும் வைத்தார்.

சுருள் பிரிப்பு எளிய வித்தைதான். இரு சுருள்களும் தொடரிணைப்பில் உள்ளன. அவை கூடுமிடத்திலிருந்து ஒரு கம்பியை வெளியே கொணர்ந்து, சுவிட்ச் வழியாகப் புவி இணைப்புடன் சேர்த்தால், ஒரு சுருள் குறுக்குச் சுற்றாகி ஒதுங்கும். மற்றது மட்டும் பாடும். கணீர் ஓசை திரும்பும். அதனுடன் முரலலும் திரும்பும். ஒலியளவும் சற்றுக் குறையும். தனித் துளை இடாமல், ஒலிக் குமிழையே மேலிழுத்தால் சுவிட்சாக இயங்கும் அமைப்பும் உண்டு. கூடுமிடத்துக் கம்பி உள்ளேயே மூடப்பட்டுள்ள பழைய பிக்கப்புகளில் இதனைச் செய்ய, முதலில் அக்கம்பியை வெளிக்கொணர வேண்டும்.

இந்த வித்தையில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. இதுவே சிறந்த ஒலி என்று செய்பவர் தீர்ப்புக் கூறுவதில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையை வாசிப்பவர் விரலுக்கே விட்டுவிடுகிறார். கலைஞர்களைக் கேட்டுக் கேட்டே கருவி செய்தவருக்கு இது இயல்பானதே. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மூன்று நிலைச் சுவிட்சைக் கலைஞர்கள் இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்திப் புதிய ஒலிகளைக் கண்டனர். 1977இல் அந்நிறுவனமே ஐந்து நிலைச் சுவிட்சைப் பொருத்த நேர்ந்தது. கருவியைச் செய்து முடிப்பவர் அதனை வாசிப்பவரே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நிறைவு

முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரைத் தளர்த்தியது. அப்போதும் தம் தொழிற்கூடத்துக்குச் சென்று வந்தார். 1991ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டு, ராக் அண்டு ரோல் புகழ் மன்றம் அவர் பெயரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு இசையுலகம் சூட்டிய மாலை அது!

மாணவ நண்பர்களே! நாம் எடுத்த பாடம் ஒன்றாகவும், மனம் நாடும் பணி வேறொன்றாகவும் இருக்கக்கூடும். ஒரு வேலை போகலாம். மறு வேலையும் போகலாம். ஃபெண்டருக்கும் அவ்வாறே நேர்ந்தது. தம் புகழுக்குக் காரணமான ஒற்றைச் சுருளையே, எழுபது வயதில், மறுபடி எண்ணிப் பார்க்க அவர் தயங்கவில்லை. கற்றதைக் கழற்றிப் பார்க்கவும், திருத்தி மீண்டும் பூட்டவும் அஞ்சாத அந்த மனத்தை நாமும் பெறுவோமாக!