யுலிசிஸ் கிராண்ட்: தன்வரலாறும் தன்மதிப்பீடும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒன்றியப் படைகளுக்குத் தலைமை தாங்கிய யுலிசிஸ் கிராண்ட் 1822இல் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியில் பயின்று, மெக்சிகோ போரில் பங்கேற்றார். 1863இல் விக்ஸ்பர்க்கைக் கைப்பற்றினார். 1865 ஏப்ரல் 9 அன்று எதிரணித் தளபதி லீ அவரிடம் சரணடைந்தார். 1869 முதல் 1877 வரை குடியரசுத் தலைவராக விளங்கினார்.

1884இல் அவர் பங்கு கொண்டிருந்த நிதி நிறுவனம் வீழ்ந்தது. கைப்பொருள் அனைத்தும் அழிந்தது. அவ்வாண்டிலேயே தொண்டைப் புற்றுநோயும் கண்டறியப்பட்டது. தமக்குப்பின் மனைவி ஜூலியா வறுமையுறாதிருக்கும்பொருட்டுப் போர் நினைவுகளை எழுதலானார். குரல் நலிந்த பின்னும் எழுத்துப்பணி நிற்கவில்லை. நூலை முடித்த சில நாள்களில், 1885 ஜூலை 23 அன்று மறைந்தார். மார்க் ட்வெய்னின் பதிப்பகம் இரு தொகுதிகளாக வெளியிட்ட அந்நூல் குடும்பத்தின் வறுமையைப் போக்கியது.

பொருள் கருதி எழுதப்படும் தன்வரலாறு தற்புகழ்ச்சியாக முடிவதுண்டு. கிராண்டோ, தாம் பங்கேற்ற மெக்சிகோ போரை அநீதியானதெனக் கருதினார். 1864இல் கோல்ட் ஹார்பரில் தாம் ஆணையிட்ட இறுதித் தாக்குதல், பேரிழப்புக்கு ஈடான பயன் எதனையும் தரவில்லையென வருந்தினார். வெற்றியோடு பிழையையும் பதிவுசெய்த இந்நேர்மையே படைத்தலைவர் தன்வரலாறுகளுள் அந்நூலுக்குத் தனியிடம் தந்தது எனலாம்.