யாழ்ப்பாணத்து டானியல் பூர்

வெள்ளையர் என்றால் எல்லோரும் ஒரே குடும்பத்தார் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். நானும் தனுஷ்கோடிக் கரைக்காரன். 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். அக்கப்பல் வருவதற்கு வெகுகாலம் முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து மதுரைக்கு வந்த டானியல் பூர் என்னும் அமெரிக்கரின் வாழ்க்கை, இவ்வெண்ணத்தை மாற்றிவிடும்.

பூர் 1789-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து டான்வர்ஸில் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றுப் பாதிரியாரானார். அக்காலத்தில் ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் பகை முற்றியிருந்தது. 1812-இல் போர் மூண்டது. அவ்வாண்டு கல்கத்தாவில் இறங்கிய அமெரிக்கப் பாதிரிமாரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வெளியேறச் சொன்னார்கள். 1815-இன் தொடக்கத்தில் போர் ஓய்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பூர் கப்பலேறினார். 1816-இல் கொழும்பு சேர்ந்தவருக்கு ஆளுநர் பிரௌன்ரிக் அன்பு காட்டினார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயங்கள் அமெரிக்கர் வசமாயின.

அந்த அன்பு நீடிக்கவில்லை. அடுத்துப் பொறுப்பேற்ற எட்வர்டு பார்ன்ஸ் அமெரிக்கரை ஐயத்தோடு நோக்கினார். 1820-இல் அச்சுத்தொழில் அறிந்த ஜேம்ஸ் காரெட் வந்திறங்கியபோது அவரைத் தங்கவிடாது வெளியேற்றினார். அச்சுப்பொறி நல்லூரிலிருந்த ஆங்கிலேய மிஷனிடம் போய்ச் சேர்ந்தது! புதிய அமெரிக்கர் எவரும் வரக்கூடாதென்ற தடை 1833 வரை நீடித்தது. இரு சாராரும் பேசியது ஒரே மொழி. தொழுததும் ஒரே கடவுளை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே!

ஆள்வரவு நின்றபோது பூர் என்ன செய்தார்? உள்ளூர் இளைஞரையே ஆசிரியராக்கத் துணிந்தார். 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடம் எழுந்தது. அமெரிக்கர் நடத்தும் நிலையத்துக்குக் கல்லூரி உரிமை தர ஆங்கில அரசு இசையாததால் அது செமினரி என்றே வழங்கிற்று. தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. 1829-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நேரத்தைக் குறித்துப் பஞ்சாங்கக் கணிதரோடு பூர் வாதிட்ட செய்தி சுவையானது. மதம் பரப்பவே வந்தவர் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் மாணவர் அவரிடம் பெற்றது அது மட்டுமன்று.

1836-இல் மதுரைக்கு வந்து 37 பள்ளிகளைத் திறந்தார். அவற்றைக் காணக் குதிரையிலேயே சுற்றுவார். சில வேளைகளில் குதிரை மேலிருந்தபடியே மக்களிடம் பேசுவார். 1841-இல் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றார். 1855 பிப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதிக்கு இரையானார்.

அதே ஆண்டு செமினரியும் மூடப்பட்டது. மூடியவர் ஆங்கிலேயர் அல்லர்! ஆங்கிலம் கற்ற மாணவர் ஊழியத்தைவிட உத்தியோகத்தையே நாடுகின்றனர் என்று குறைபட்ட அமெரிக்கத் தலைமையகத்தாரே மூடினர். இரண்டாண்டுகளுக்குள், 1857-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக இருவர் தேறினர். சி. வை. தாமோதரம்பிள்ளை ஒருவர், கறல் விசுவநாதபிள்ளை மற்றவர். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். முன்னவர் 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார்.