சேர் பட்டத்தை மறுத்த நிலையச் சிற்பி சார்ள்ஸ் ஹோல்டன்

பொதுமக்கள் நாளாந்தம் பயன்படுத்தும் இடங்கள் அழகாகவும் இருக்க வேண்டுமா என்ற கேள்வி நம் மத்தியில் அதிகம் எழுவதில்லை. பயன் தந்தால் போதும் என்று நாம் திருப்தியடைந்து விடுகிறோம். இந்த எண்ணத்தைத் தமது வாழ்நாள் பணியால் மறுத்துக் காட்டியவர், இலண்டன் நிலக்கீழ் புகையிரத நிலையங்கள் பலவற்றை வடிவமைத்த கட்டடக் கலைஞர் சார்ள்ஸ் ஹோல்டன்.

1875 மே 12ஆம் திகதி இங்கிலாந்தின் பொல்டன் நகரில் அவர் பிறந்தார். துணி வியாபாரியான தந்தை நொடித்துப் போனார். தாயையும் இளமையிலேயே இழந்த ஹோல்டன், சிறிது காலம் புகையிரத எழுதுவினைஞராகப் பணியாற்றினார். 1892இல் மான்செஸ்டரில் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார்.

முதலாம் உலக மகாயுத்தத்தின் பின் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் அறுபதுக்கும் மேற்பட்ட போர் மயானங்களை அவர் வடிவமைத்தார். தளபதிக்கும் சாதாரண சிப்பாய்க்கும் ஒரே அளவான நடுகல் என்பதே அம்மயானங்களின் நியதி. அந்தச் சமத்துவத்தையே பின்னர் புகையிரத நிலையங்களிலும் அவர் பேணினார் எனலாம்.

இலண்டன் பிக்கடில்லி சேர்க்கஸ் நிலையத்தை 1907இல் 15 இலட்சம் பயணிகள் பயன்படுத்தினர். 1922இல் அத்தொகை 180 இலட்சமாக உயர்ந்தது. நெரிசலைத் தீர்க்க, வீதிச் சந்தியின் அடியிலேயே நீள்வட்ட மண்டபம் ஒன்றை ஹோல்டன் வடிவமைத்தார். அது 1928 டிசம்பரில் திறக்கப்பட்டது. நமது மட்டக்களப்புப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

1930இல் நிலக்கீழ் புகையிரத நிர்வாகி பிராங்க் பிக்குடன் ஜேர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன் ஆகிய நாடுகளுக்குச் சென்று புதிய கட்டடங்களை அவர் பார்வையிட்டார். அதன் பயனாக 1931இல் சட்பரி டவுன், 1932இல் ஆர்னோஸ் குரோவ் ஆகிய நிலையங்கள் எழுந்தன. செங்கல், கொங்கிரீட், கண்ணாடி ஆகியனவே அவற்றின் மூலப்பொருட்கள். வீண் அலங்காரம் இல்லை. உயர்ந்த ஜன்னல்களால் பகலில் வெளிச்சம் உள்ளே வரும். இரவில் நிலையமே விளக்காகி வழி காட்டும். கூலித் தொழிலாளியும் செல்வந்தரும் ஒரே மண்டபத்தின் ஊடாகவே சென்றனர்.

சேர் பட்டம் இரு தடவைகள் அவரைத் தேடி வந்தது. கட்டடம் என்பது பலரது கூட்டு உழைப்பு என்று கருதிய அவர், இரு தடவைகளும் அதனை ஏற்க மறுத்தார். 1960 மே 1ஆம் திகதி காலமானார். 2010இல் இலண்டன் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையில் அவரது நிலைய வடிவமைப்புகள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. புகையிரத நிலையமும் கலைக்கூடத்தில் இடம்பெறத் தக்கதே என்பதை அது உணர்த்தியது.

ஓட்டமாவடியில் நிலக்கீழ் புகையிரதம் இல்லை. ஆனால் 1924இல் அமைக்கப்பட்ட இரும்புப் பாலம் இருக்கிறது. 2010இல் புதிய வீதிப் பாலம் திறக்கப்படும் வரை புகையிரதமும் வாகனங்களும் அந்த ஒரே பாலத்தையே பகிர்ந்து கொண்டன. அதன் பழைய படங்களையும் மூத்தோரின் நினைவுகளையும் திரட்டி நமது பாடசாலைகளிலும் நூலகங்களிலும் ஏன் ஒரு கண்காட்சி நடத்தக் கூடாது? மூத்தோர் மறையும் முன்னரே இப்பணி தொடங்கப்பட வேண்டும். பொதுச் சொத்தின் வரலாற்றை அறிந்த சமூகமே அதனைப் பேணும். நாளை எழும் நிலையங்களும் கண்ணியமாக அமைய வேண்டும் என்று உரிமையோடு கேட்கும்.