இயந்திரத்துக்கும் இதயம் தந்தவர்

மேகமலையில் ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் தேர்தல்தோறும் பொத்தான் அழுத்தி வாக்களிக்கின்றனர். அவ்வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முதன்மைப் பங்காற்றியவர் ஓர் எழுத்தாளர். 1935 மே 3ஆம் நாள் சென்னையில் பிறந்து, திருவரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்த ரங்கராஜன். மனைவியின் பெயரான சுஜாதாவே அவர் புகழின் பெயராயிற்று.

திருச்சியில் இயற்பியலும், குரோம்பேட்டையில் மின்னணுவியலும் கற்றுப் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணிபுரிந்தார். கணையாழியின் கடைசிப் பக்கங்களில் கவிஞர் பலரை அறிமுகம் செய்ததும் அதே கைதான்.

இயந்திரம் மனிதனுக்குப் பகையாகுமா என்னும் வினா அவரை விட்டு நீங்கவேயில்லை. ‘என் இனிய இயந்திரா’ நாவலில் சர்வாதிகார ஆட்சியில் அல்லலுறும் நிலாவுக்கு உற்ற துணை ஜீனோ என்னும் இயந்திர நாய். ‘எந்திரன்’ திரைப்படத்திலோ சிட்டி காதலுற்று, வெறுக்கப்பட்டு, அழிவுச் சில்லு பொருத்தப்பட்டதும் தன் படிகளைப் பெருக்கி மனிதரோடு போர் தொடுக்கிறது. கதை இயக்குநர் ஷங்கருடையது. உரையாடலில் மதன் கார்க்கிக்கும் பங்குண்டு. எவ்வரி எவருடையது எனப் பிரித்தல் வீண் வேலை. ஆயினும் ஜீனோவைப் படைத்தவரின் உள்ளம் அங்கே தெரிகிறது: அழிவுச் சில்லைப் பொருத்துவது மனிதக் கை, அது நீங்கியபின் ஆணையை ஏற்றுத் தன் உறுப்புகளைத் தானே கழற்றிவைப்பது எந்திரம்.

படம் 2010 அக்டோபர் 1 அன்று திரைக்கு வந்தது. சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்றே மறைந்திருந்தார்.