2000 வோல்ட்டும் ஒரு பொடிக் கண்ணாடியும்

கெல்வின் என்றதும் உங்களுக்கு டெம்பரேச்சர் யூனிட்தான் ஞாபகம் வரும். தப்பில்லை. ஆனா லோடு செல், ஸ்ட்ரெயின் கேஜ்னு தலையைப் பிச்சுக்கிற நமக்கு அவர் இன்னும் நெருக்கமானவர்.

இயற்பெயர் வில்லியம் தாம்சன். 1824-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். 10 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணவர். 22 வயதில் அங்கேயே பேராசிரியர்! அடுத்த 53 வருஷம் அந்த வேலையை விடவே இல்லை.

1856-ல் செம்பு, இரும்புக் கம்பிகளை எடை கட்டி இழுத்தால் அவற்றின் ரெசிஸ்டன்ஸ் மாறுகிறது என்று காட்டினார். இன்றைய ஸ்ட்ரெயின் கேஜின் விதை அதுதான். மாற்றம் ரொம்பச் சின்னது என்பதால் கம்பிகளை பிரிட்ஜ் சுற்றில் வைத்து, வித்தியாசத்தை மட்டும் கவனித்தார்.

அதே சமயம் பெரிய சண்டை ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே கடலுக்கடியில் தந்திக் கேபிள். நீளம் இரண்டு மடங்கானால் சிக்னலின் தாமதம் நான்கு மடங்காகும் என்பது தாம்சனின் கணக்கு. கம்பெனியின் மின்பொறுப்பாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ், படிப்பால் அறுவை மருத்துவர், இதை ஏற்கவில்லை. சிக்னல் பலவீனமா? வோல்டேஜை ஏத்து! இதுதான் அவர் வழி.

தாம்சன் யோசித்தது மறுமுனையை. பொடிக் கண்ணாடி ஒன்றின் முதுகில் குட்டிக் காந்தங்களை ஒட்டி, பட்டு நூலில் தொங்கவிட்டு, சுற்றிலும் காயில் வைத்தார். துளி கரண்ட் வந்தாலும் கண்ணாடி திரும்பும். அதில் பட்ட விளக்கொளி தூரத்து ஸ்கேலில் நகரும். கண்ணாடியும் காந்தமும் சேர்ந்தே 100 மில்லிகிராம் வராது. யோசிச்சுப் பாருங்க, டிரான்சிஸ்டர் கிடையாது, வால்வுகூடக் கிடையாது!

1858 ஆகஸ்டில் கேபிள் இணைந்தது. விக்டோரியா ராணியின் 98 சொல் செய்தி போய்ச்சேர சுமார் 16 மணி நேரம். ஏற்கெனவே இன்சுலேஷன் சரியில்லாத அந்தக் கேபிளில் வைட்ஹவுஸ் சுமார் 2000 வோல்ட் ஏற்றினார். சில வாரங்களில் கேபிள் செத்தது. வைட்ஹவுஸின் வேலையும் போனது.

இப்போ உங்க பிரிட்ஜுக்கு வாங்க. 5 வோல்ட் கொடுத்த லோடு செல் முழு எடையில் தருவது சுமார் 10 மில்லிவோல்ட். 10-பிட் ஏடிசியின் ஒரு படியே கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட், ரெண்டே படி! சப்ளையை 20 வோல்ட் ஆக்கினால் சிக்னல் 4 மடங்கு, ஆனா கேஜில் சூடு 16 மடங்கு. சூட்டில் ரெசிஸ்டன்ஸ் நகரும், ரீடிங்கும் நகரும். வைட்ஹவுஸ் பண்ணினதும் இதுதானே? இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையர் தாம்சன் பக்கம். இரண்டு கம்பியிலும் பொதுவாக இருக்கும் 2.5 வோல்ட்டை ஒதுக்கிவிட்டு, வித்தியாசமான 10 மில்லிவோல்ட்டை மட்டும் 400 மடங்காக்கி 4 வோல்ட் தரும். அதன் இன்புட் பிரிட்ஜிலிருந்து கரண்டையே உறிஞ்சாத அளவுக்கு உயர் இம்பீடன்ஸ். ஒற்றை ஆப்-ஆம்பில் சாதாரண டிஃபரன்ஸ் சுற்று போட்டால் அந்த வசதி கிடையாது, அதன் ரெசிஸ்டர்களே பிரிட்ஜை இழுக்கும்.

1866-ல் புதிய கேபிள் நிலைத்தது. தாம்சனுக்கு சர் பட்டம். முந்தைய ஆண்டு அறுந்துபோன கேபிளையும் மீட்டு முடித்தார்கள். லாட்டிமர் கிளார்க் இரண்டையும் மறுகரையில் இணைக்கச் சொல்லி, தையல்காரர் விரலில் மாட்டும் வெள்ளித் தொப்பிக்குள் ஒரு குட்டி செல் செய்து சிக்னல் அனுப்பினார். அது கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது, கண்ணாடி அசைந்தது.

1892-ல் பிரபு ஆனார். 1907-ல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டரில் நியூட்டன் அருகே அடக்கம் செய்தார்கள். பிரபுப் பட்டத்துக்கு அவர் எடுத்த பெயர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் ஆற்றினுடையது: கெல்வின்.