ஆறாம் வகுப்பும் ஆட்சித் தகுதியும்

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு வினா தவறாமல் எழுகிறது. அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்வதற்கே கல்வித் தகுதி கேட்கப்படுகிறது. அந்த அலுவலகங்களை வழிநடத்தும் அமைச்சருக்கும், சட்டம் இயற்றும் உறுப்பினருக்கும் எந்தப் படிப்பும் தேவையில்லை என்பது முறையா? படித்தவர்கள் நடுவே இந்த வினாவுக்குள்ள செல்வாக்கு மிகுதி. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் நியாயம் இருப்பதாகவே தோன்றும்.

இது புதிய வினாவும் அன்று. 1949 நவம்பர் 26 அன்று அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டபோது, அரசியல் நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத் இதே குறையைச் சுட்டிக்காட்டி வருந்தினார். சட்டத்தைச் செயல்படுத்துவோரிடம் உயர்ந்த தகுதிகளை எதிர்பார்க்கும் நாம், சட்டத்தை இயற்றுவோரிடம் எதையும் எதிர்பார்க்காதது பொருந்தவில்லை என்பது அவர் கருத்து. அதே உரையில், ஒருவருடைய நேர்மையையும் மனத்திண்மையையும் அளக்கும் அளவுகோலை உருவாக்க இயலாது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். அப்போது நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100 பேரில் 20 பேர்கூட இல்லை. ஆயினும், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை அளித்த அந்தச் சபை, வேட்பாளருக்குக் கல்வித் தகுதி எதையும் விதிக்கவில்லை.

ஏறத்தாழ 65 ஆண்டுகளுக்குப் பின்னர், ஹரியாணா அரசு அந்தக் கோட்டைத் தாண்டியது. 2015-இல் அது கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, ஊராட்சித் தேர்தலில் போட்டியிடும் பொதுப் பிரிவு ஆண்கள் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் மட்டுமே அதில் தளர்வு. அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே வழியில் சென்ற ராஜஸ்தான், 2019-இல் தன் சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊராட்சித் தலைவருக்கு இத்தகுதியை விதித்த சட்டப்பேரவை உறுப்பினர்களுக்கு அத்தகைய தகுதி எதுவும் இல்லை என்பது இதிலுள்ள வேடிக்கை.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர் அவர். ஒன்பதாண்டுகளுக்கு மேல் ஒரு மாநிலத்தின் முதலமைச்சர். நாட்டுக்கு இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதன்மைப் பங்காற்றியவர். ஹரியாணா சட்டப்படி, அவர் ஒரு சிற்றூரின் ஊராட்சித் தலைவர் பதவிக்குக்கூட மனுத் தாக்கல் செய்திருக்க முடியாது. அவர் காமராஜர்.

1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்த காமராஜருக்கு ஆறு வயதானபோது தந்தை குமாரசாமி காலமானார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு தாய் சிவகாமி அம்மையார் மீது விழுந்தது. சத்திரிய வித்தியாசாலையில் படித்துக்கொண்டிருந்த சிறுவனின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தாய்மாமனின் துணிக்கடை அவருக்கு அடுத்த பள்ளிக்கூடமாயிற்று. பின்னர், திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பப்பட்டார். அவர் பள்ளியை விட்டது அறிவுக் குறைவினாலோ ஆர்வக் குறைவினாலோ அன்று. வீட்டில் சம்பாதிப்பவர் இல்லாமையினால். பள்ளிச் சான்றிதழ் ஒருவருடைய திறமையை அளப்பதாக நாம் எண்ணுகிறோம். பெரும்பாலான நேரங்களில் அது அவர் பிறந்த வீட்டின் பொருள்நிலையையே அளக்கிறது.

கடையில் அமர்ந்திருந்த இளைஞரின் மனம் வீதியில் நடந்த பொதுக்கூட்டங்களில் இருந்தது. வரதராஜுலு நாயுடுவின் சொற்பொழிவுகளும், 1919-இல் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலையும் அவரைக் காங்கிரஸ் இயக்கத்துக்கு இழுத்து வந்தன. வைக்கம் போராட்டத்தில் பங்கேற்றார். 1930-இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் நடந்த உப்பு சத்தியாகிரகத்தையொட்டிச் சிறை சென்றார். அதன் பின்னர் சிறை அவருக்குப் பழகிய இடமாயிற்று. மொத்தம் ஒன்பது ஆண்டுகள் அளவில் அவர் சிறையில் கழித்தார். நூல்களையும் நாளிதழ்களையும் ஊன்றிப் படித்ததும், ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனை வளர்த்துக்கொண்டதும் அக்காலத்தில்தான். பட்டம் பெறாதவர் என்பதால் அவரைப் படிக்காதவர் என்று சொல்வது பொருந்தாது.

1936-இல் வழக்குரைஞரும் பெரும் பேச்சாளருமான சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது, காமராஜர் செயலாளரானார். நான்கு ஆண்டுகளில் அந்த இடங்கள் மாறின. 1940-இல் காமராஜர் தலைவரானார். அரசியலில் அவருக்கு ஆசானாக விளங்கிய சத்தியமூர்த்தி அவருக்குச் செயலாளரானார். பதவிக்கு எது தகுதி என்பதில் அந்தப் பட்டதாரிக்குக் குழப்பம் இருக்கவில்லை. அதே காலத்தில் காமராஜர் வேலூர் சிறையில் இருந்தபோது, விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் நகராட்சிக்குச் சென்று பொறுப்பேற்றவர், உடனே பதவி விலகினார். முழுமையாகச் செய்ய இயலாத பணியில் பெயருக்கு அமர்ந்திருப்பது முறையன்று என்பது அவர் முடிவு. பதவிக்குரிய தகுதிகளில் இதுவும் ஒன்று. இதற்குச் சான்றிதழ் வழங்கும் பல்கலைக்கழகம் இல்லை.

1954 ஏப்ரல் 13 அன்று அவர் சென்னை மாநில முதலமைச்சரானார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் ராஜாஜி; சட்டமும் இலக்கியமும் தத்துவமும் கற்றுத் துறைபோகிய அறிஞர். 1953-இல் ராஜாஜி அறிமுகப்படுத்திய தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, குழந்தைகள் பள்ளியில் மூன்று மணி நேரமே இருப்பார்கள். எஞ்சிய நேரத்தில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள். நிதிப் பற்றாக்குறைக்கு நடுவே மேலும் பல குழந்தைகளைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்ற நோக்கம் அதில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கணக்கின்படி அது பொருந்தி வந்திருக்கலாம். ஆனால், தந்தையின் தொழிலே மகனுக்கும் விதியாகிவிடும் என்று அஞ்சிய மக்கள் அதை ஏற்கவில்லை. காமராஜர் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது.

அதன் பின்னர் அவர் செய்ததைத்தான் பொருளியல் மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். ஏழைக் குழந்தை பள்ளிக்கு வராமல் இருப்பதற்குக் கட்டணம் மட்டும் காரணம் அன்று. கட்டணத்தை அறவே நீக்கினாலும், பள்ளியில் இருக்கும் நேரத்தில் அக்குழந்தை ஈட்டக்கூடிய கூலியைக் குடும்பம் இழக்கிறது. பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். ஆடு மேய்க்கும் சிறுவனும், தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியும், தீப்பெட்டி ஒட்டும் பிள்ளைகளும் தங்கள் ஒருவேளைச் சோற்றுக்கு ஏதோ ஒரு வகையில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோற்றைப் பள்ளியே கொடுத்துவிட்டால் கணக்கு மாறிவிடும். துணிக்கடைக்கு அனுப்பப்பட்ட சிறுவனுக்கு இதைப் பாடநூலில் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

நிதி எங்கே என்று அதிகாரிகள் கேட்டது இயல்பே. காமராஜர் முதலில் ஊர்மக்களிடம் சென்றார். 1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஊர் தோறும் நெல்லாகவும் காய்கறியாகவும் பணமாகவும் நன்கொடைகள் வந்தன. திட்டம் நடைமுறைக்கு ஏற்றது என்று தெளிவான பின்னர், அரசும் செலவில் பங்கேற்றது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இதற்கும், ஊர்மக்களே பள்ளிகளுக்குத் தேவையானவற்றை வழங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்கும் உறுதுணையாக நின்றார். பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன. இலவசக் கல்வி படிப்படியாக விரிந்தது. பின்னாளில் எம்.ஜி.ஆர். 1982-இல் இத்திட்டத்தைச் சத்துணவாக விரிவுபடுத்தினார். அவரும் கல்லூரி வாசலை மிதிக்காதவர்தான். 2001-இல் உச்சநீதிமன்றம் நாடெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது.

காமராஜர் இவற்றைத் தனியாகச் செய்துவிடவில்லை. சட்டப்பேரவைக் கட்சித் தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த எம். பக்தவத்சலத்தையும் அவர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். இருவரும் சட்டம் படித்தவர்கள். நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்தின் பொறுப்பில் விடப்பட்டன. தொழில் துறையைப் பின்னர் மற்றொரு வழக்குரைஞரான ஆர். வெங்கட்ராமன் ஏற்றார். கிண்டித் தொழிற்பேட்டையும், வைகை, சாத்தனூர் அணைகளும் அந்த ஆட்சிக் காலத்தில் உருவானவை. தம்மைவிட அதிகம் படித்தவர்களைக் கண்டு அஞ்சாமல் அருகில் அமர்த்திக்கொள்வதும், அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு முடிவெடுப்பதும் ஆள்வோருக்குரிய தனித்திறன். வள்ளுவர் அரசியல் பகுதியில் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நிற்கவில்லை. கேள்விக்குத் தனியே ஓர் அதிகாரமும், பெரியாரைத் துணைக்கோடலுக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். அவற்றுக்கு விளக்கவுரையாக அமைந்தது காமராஜரின் அமைச்சரவை.

1963 அக்டோபர் 2 அன்று, கட்சிப் பணிக்காக அவர் முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். அடுத்த ஆண்டு அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். நேருவின் மறைவுக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரியும், அவருக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமரானதில் அவர் பங்கு பெரிது. ஹிந்தி அறியாத, ஆங்கிலத்தில் சரளமாகப் பேசாத ஒருவர், நாடெங்கிலும் இருந்து வந்த உறுப்பினர்களின் மனத்தை ஒவ்வொருவராக அறிந்து கருத்தொற்றுமையை உருவாக்கினார்.

ஒரு காமராஜரை வைத்துக்கொண்டு பொதுவிதி வகுக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டம் இல்லாத அனைவரும் காமராஜர் ஆகிவிட மாட்டார்கள். அவர் பெயரைச் சொல்லித் தங்கள் அறியாமைக்கு நியாயம் தேடுவோரும் உண்டு. ஆனால், ஒரு தடைவிதியின் உண்மையான விலை, அது வெளியே நிறுத்திவிடும் மனிதர்களில் இருக்கிறது. அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. இன்று பள்ளிகள் பெருகிவிட்டன என்பது உண்மைதான். எனினும், இடையில் படிப்பை நிறுத்துவோர் யார் என்று பார்த்தால், வறியோரும் பெண்களும் ஒடுக்கப்பட்டோருமே முன்வரிசையில் நிற்கிறார்கள். கல்வி கொடுக்கத் தவறியது அரசு. அதற்கான தண்டனை மட்டும் அவர்களுக்கா?

இந்த விதி நடைமுறையில் என்ன தரும் என்பதற்கு அண்டை நாடே சான்று. பாகிஸ்தானில் முஷாரஃப் ஆட்சி, 2002 தேர்தலில் போட்டியிடுவோர் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று விதித்தது. மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையோர் போட்டியிடும் உரிமையை இழந்தனர். மதரசாக்களின் சான்றிதழ்கள் பட்டத்துக்கு இணையாக ஏற்கப்பட்டன. 2008-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் விதியை நீக்கியது. அதற்குப் பின்னரோ, போலிப் பட்டங்களைக் காட்டித் தேர்வான உறுப்பினர்களின் விவகாரம் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தது. தகுதியைக் கேட்ட விதி, பொய்யைத்தான் வளர்த்தது.

நம் நாட்டில் இதைவிட நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. வேட்பாளரின் கல்வி, சொத்து, அவர் மீதான குற்ற வழக்குகள் ஆகியவற்றை வாக்காளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2002-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. படிப்பு முக்கியம் என்று கருதும் வாக்காளர் அதைப் பார்த்து வாக்களிக்கலாம். வேறொன்று முக்கியம் என்று கருதுபவர் அதைப் பார்க்கலாம். வென்று வருவோருக்கு நிதிநிலை அறிக்கையைப் படிக்கவும், மசோதாவை அலசவும் முறையான பயிற்சி அளிப்பதையும், சட்டப்பேரவைக் குழுக்களுக்குத் துறை வல்லுநர்களின் துணையைத் தருவதையும் வற்புறுத்தலாம். அறிவு வாசலிலேயே கேட்கப்பட வேண்டிய நுழைவுச்சீட்டு அன்று. உள்ளே வந்தவர் நாள்தோறும் தேட வேண்டியது.

1967 தேர்தலில், தம் சொந்த ஊரான விருதுநகரில் காமராஜர் தோற்றார். வாக்கு வேறுபாடு 1,285. அவரை வென்றவர் சீனிவாசன் என்னும் மாணவர் தலைவர். காமராஜர் திறந்த பள்ளிகளில் படித்து வளர்ந்த தலைமுறை வாக்குச்சாவடிக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. அவர் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். இரண்டாண்டுகள் கழித்து நாகர்கோவில் மக்களிடம் சென்று வென்றார். 1975 அக்டோபர் 2 அன்று மறையும்வரை சென்னையில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தார். அவரைத் தேர்ந்தெடுக்கவும் நிராகரிக்கவும் மீண்டும் தேர்ந்தெடுக்கவும் மக்களுக்கு உரிமை இருந்தது. அந்த உரிமையை ஒரு சான்றிதழிடம் ஒப்படைத்திருந்தால், ஆறாம் வகுப்போடு நின்ற அந்தச் சிறுவன் துணிக்கடையிலேயே இருந்திருப்பான்; அவனால் பள்ளிக்கு வந்த பல லட்சம் பிள்ளைகள் எங்கே இருந்திருப்பார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).